டி1, டி2: ஸ்கேன் அறையிலிருந்து குவாண்டம் கணினி வரை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களைப் பெரிய கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்களை வேலூரில் எந்த நேரமும் பார்க்கலாம். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து காட்பாடியில் ரயில் இறங்குகிறவர்கள், ஆரணி, போளூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் என்று பலர் கையிலும் அந்தக் கவர் இருக்கும். உள்ளே இருக்கும் ரிப்போர்ட்டில் டி1, டி2 என்ற இரண்டு குறிகள் திரும்பத் திரும்ப வரும். நோயாளிக்கு அவை புரியத் தேவையில்லை, டாக்டருக்குப் புரிந்தால் போதும். ஆனால் ஐபிஎம் இணையத்தில் வாடகைக்கு விடும் குவாண்டம் கணினிகளின் பக்கத்தைத் திறந்தாலும் இதே டி1, டி2 எண்கள்தான் கண்ணில் படும். பெயர் தற்செயலாக ஒத்துப்போகவில்லை. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே இயற்பியல்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு மிகச்சிறிய காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். இந்தக் குணத்துக்கு ஸ்பின் என்று பெயர். ஸ்கேன் இயந்திரத்தின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. அதற்குள் போன ஸ்பின்னை அளந்தால் இரண்டே நிலைகள்: புலத்தோடு சேர்ந்த திசை, அல்லது எதிர்த்திசை. சரியான அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே அதைச் சாய்த்து நிறுத்தலாம். சாய்ந்த ஸ்பின் புலத்தைச் சுற்றிச் சுழலும். துடிப்பை நிறுத்தியதும், சாய்ந்த ஸ்பின்கள் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அதற்கு ஆகும் காலம் டி1. இன்னொன்றும் நடக்கிறது. சேர்ந்து சுழன்றுகொண்டிருந்த ஸ்பின்களின் தாளம் கலைகிறது. அதற்கு ஆகும் காலம் டி2. கொழுப்புக்கு ஓர் அளவு, நீருக்கு ஓர் அளவு, கட்டிக்கு வேறோர் அளவு. அந்த வித்தியாசம்தான் கறுப்பு வெள்ளைப் படமாக நம் கைக்கு வருகிறது.

தாளம் கலைவது டாக்டருக்குத் தகவல். குவாண்டம் கணினி கட்டுகிறவருக்கோ, கலைந்த மறுகணம் கணக்கு போய்விட்டது. இந்தத் துறையின் கஷ்டங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த ஒரு இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன.

ஸ்பின்னின் இரண்டு நிலைகளுக்கு 0, 1 என்று பெயர் வைத்தால் அது ஒரு பிட். நடுவில் சாய்ந்து நிற்கவும் தெரியும் என்பதால் க்யூபிட், அதாவது குவாண்டம் பிட். குவாண்டம் கணினி கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். ஸ்பின்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆற்றல் நிலைகள் இரண்டு தெளிவாகப் பிரிந்து நின்றால் போதும். ஓர் அணுவும் க்யூபிட் ஆகும், தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியில் செய்த ஒரு குட்டி மின்சுற்றும் ஆகும்.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் விளக்கம் ஒன்று உண்டு. க்யூபிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும், அதனால் குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே சமயத்தில் போட்டுப் பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுக்கும் என்று. முதல் பாதியை விட்டுவிடலாம். இரண்டாம் பாதி தப்பு. அந்தத் தப்பை வைத்துத்தான் பாதி விளம்பரங்கள் ஓடுகின்றன. 10 க்யூபிட்டுக்கு 1,024 சாத்தியங்கள். ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஓர் எண் உண்டு, அதை வீச்சு என்பார்கள். 50 க்யூபிட்டுக்கு அந்த எண்கள் 1,125 லட்சம் கோடிக்கு மேல். 300 க்யூபிட் என்றால் நாம் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களைவிட அதிகம். இவ்வளவையும் இயற்கை தன் கணக்கில் வைத்துக்கொள்கிறது, நமக்குக் காட்டுவதில்லை. அளந்த உடனே 50 க்யூபிட்டிலிருந்து 50 பிட்தான் வெளியே வரும், அதாவது ஏதோ ஒரே ஒரு சாத்தியம். எல்லாவற்றையும் சமமாகப் பரப்பி வைத்து அளந்தால் எதேச்சையான ஓர் எண் கிடைக்கும். அதற்கு இவ்வளவு செலவு எதற்கு?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50 க்யூபிட்டுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகச் சாய்ந்து நின்றால் அவற்றை விவரிக்க 100 எண்கள் போதும். ஒன்றின் நிலையைத் தனியாகச் சொல்லவே முடியாதபடி அவை பின்னிக்கொள்ளும்போதுதான் லட்சம் கோடிக் கணக்கு வருகிறது. குவாண்டம் பின்னல் என்று சொல்வது இதைத்தான்.

சரி, வேகம் எங்கிருந்து வருகிறது? வீச்சுகள் குறை எண்களாகவும் இருக்கலாம் என்பதில்தான். வேலூர்க் கோட்டை அகழியில் இரண்டு கற்களைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களும் சந்திக்கும்போது, முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் எழும்பும். முகடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் அசைவே இருக்காது. வீச்சுகளும் இப்படியே கூடவும் கழியவும் செய்கின்றன. தப்பான விடைகளுக்குப் போகும் வழிகள் ஒன்றையொன்று அடித்துப் போக வேண்டும், சரியான விடைக்குப் போகும் வழிகள் கூடிப் பெருக வேண்டும். அப்படி அமையும்படி படிகளை வரிசைப்படுத்துவதுதான் குவாண்டம் அல்காரிதம் எழுதுகிறவரின் வேலை. விடை எது என்று தெரியாமலே இதைச் செய்தாக வேண்டும் என்பதுதான் சங்கடம். இத்தனை வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகும் பெரிய லாபம் தரும் அல்காரிதங்கள் கொஞ்சமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தக் கொஞ்சத்தில் முதன்மையானது அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-ல் கண்டுபிடித்தது. பெரிய எண்ணை அதன் காரணிகளாகப் பிரிக்கும் வழி அது. 15-ஐ வைத்தே பார்த்துவிடலாம், பேப்பரும் பேனாவும் போதும். 7-ஐ எடுத்துக்கொண்டு, மறுபடி மறுபடி 7-ஆல் பெருக்கி, ஒவ்வொரு தடவையும் 15-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். முதலில் 7, அப்புறம் 4, அப்புறம் 13, அப்புறம் 1. அதற்கு மேல் போனால் மறுபடியும் 7, 4, 13, 1. நான்கு அடிக்கு ஒருமுறை திரும்புகிறது. இந்த நான்கு தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. நான்கில் பாதி இரண்டு. 7-இன் வர்க்கம் 49. அதற்கு ஒன்று குறைவு 48, ஒன்று கூட 50. 48-க்கும் 15-க்கும் மீ.பொ.வ. 3. 50-க்கும் 15-க்கும் 5. அவ்வளவுதான், 15 உடைந்துவிட்டது.

வங்கிகளும் இணையதளங்களும் தகவலைப் பிறர் படிக்காதபடி மறைக்கப் பயன்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. பூட்டில் பொதுவாக இருப்பது 617 இலக்க எண். அதன் காரணிகள் தெரிந்தால் பூட்டு திறந்துவிடும். அங்கே அந்தத் திரும்பும் இடைவெளியும் நூற்றுக்கணக்கான இலக்கங்களில் இருக்கும். ஒவ்வொரு மீதியாக எழுதிக்கொண்டே போய் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. குவாண்டம் கணினி மீதிகள் எல்லாவற்றையும் பின்னிய நிலையில் பரப்பி வைத்து, இடைவெளி மட்டும் மேலெழும்படி அலைகளை மோதவிடுகிறது. எந்த அடியில் என்ன மீதி என்ற விவரம் நமக்குக் கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை, இடைவெளி ஒன்றே போதும். இப்படி ஏதாவது ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கும் கணக்குகளில்தான் குவாண்டம் கணினிக்குப் பெரிய லாபம்.

2001-ல் ஐபிஎம்மும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 15-ஐ இந்த முறையில் பிரித்துக் காட்டின. கருவி என்ன தெரியுமா? ஸ்கேன் இயந்திரத்தின் அண்ணன் என்று சொல்லத்தக்க காந்த ஒத்ததிர்வுக் கருவி. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஏழு அணுக்கரு ஸ்பின்கள் க்யூபிட்டாக வேலை செய்யும்படி விசேஷமாகத் தயாரித்த ஒரு திரவம், அதன் மேல் வரிசையாக ரேடியோ துடிப்புகள். விடை 3, 5. சிரிக்க வேண்டாம், கொள்கை வேலை செய்கிறது என்பதை நேரில் காட்டியது பெரிய விஷயம். ஆனால் அந்த வழி அதற்கு மேல் போகவில்லை. ஸ்பின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும்போது கிடைக்கும் சிக்னல் மடங்கு மடங்காகக் குறைந்துகொண்டே போனது.

1996-ல் லவ் க்ரோவர் கண்டுபிடித்த தேடல் முறையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 10 லட்சம் சாத்தியங்களில் ஒன்றைத் தேட சாதாரணமாகச் சராசரி 5 லட்சம் தடவை பார்க்க வேண்டும், க்ரோவர் முறையில் சுமார் 800 போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்காளர் பட்டியலில் பேர் தேட இது உதவாது. பட்டியலை க்யூபிட்டுகளுக்குள் ஏற்றுவதற்கே 10 லட்சம் வேலை ஆகிவிடும்.

இனி கட்டுமானம். கூகுளும் ஐபிஎம்மும் தேர்ந்தெடுத்தது மீக்கடத்தி வழி. அலுமினியம், அதன்மேல் ஓரிரு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு, மறுபடியும் அலுமினியம். ஜோசஃப்சன் சந்தி என்று பெயர். ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய பொருள், ஆனாலும் மீக்கடத்தியில் மின்சாரம் அதைத் துளைத்துக்கொண்டு போகும். இந்தச் சந்தி உள்ள ஒரு மின்சுற்று, கோடிக்கணக்கான அணுக்களால் ஆனது என்றாலும், மொத்தமாக ஒற்றை அணு மாதிரி படிப்படியான ஆற்றல் நிலைகளோடு நடந்துகொள்ளும். 1980-களின் நடுவில் இதைச் சோதனையில் காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் மூவருக்கும் 2025-இன் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சுற்றின் 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்குச் சமம். நம் வீட்டு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதே, அதே பக்கம்தான். இது மிகமிகக் குறைந்த ஆற்றல். இதற்கு மேல் குளிரவே முடியாது என்ற எல்லையான தனிச்சுழிக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி) மேலே கால் டிகிரி வெப்பம் இருந்தாலே க்யூபிட் தானாக 0-விலிருந்து 1-க்குத் தாவ ஆரம்பித்துவிடும். அதனால் சிப்பை 0.015 கெல்வின், அதாவது தனிச்சுழிக்கு மேலே 0.015 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். வெட்டவெளி விண்வெளிகூட 2.7 கெல்வின். எம்.ஆர்.ஐ. காந்தத்தைச் சுற்றியுள்ள திரவ ஹீலியம் சுமார் 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் 42 டிகிரியைத் தொடும் நாளில், தனிச்சுழியிலிருந்து எண்ணினால் நாம் அந்தச் சிப்பைவிட 21,000 மடங்கு சூட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் குளிரைத் தருவது ஹீலியத்தின் இரண்டு வகைகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டையும் கலக்கவிட்டு வெப்பத்தை இழுக்கும் ஒரு குளிர்விப்பான். படங்களில் தங்க நிறத்தில் சரவிளக்கு மாதிரி அடுக்கடுக்காகத் தொங்குவது அதுதான். கணினி என்று நினைத்துப் பலரும் அதைத்தான் பார்க்கிறார்கள், கணினி அடியில் இருக்கும் சின்னச் சிப். ஹீலியம்-3 இயற்கையில் மிக அரிது. பெரும்பாலும் அணு ஆயுதத் திட்டங்களுக்காகச் செய்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்து மிஞ்சுவதைத்தான் எடுக்கிறார்கள். ஹீலியத்துக்கும் பழைய சென்னை மாகாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூர், மசூலிப்பட்டினம் பக்கம் முகாம் போட்டுப் பார்த்தவர்கள் சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அது ஹீலியத்தின் கோடு என்பது பிறகுதான் தெரிந்தது.

குளிர வைத்துவிட்டால் முடிந்ததா? இங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படை முரண்பாடு. க்யூபிட்டின் தாளம் கலையாமல் இருக்க அதை உலகத்திலிருந்து முழுவதும் துண்டிக்க வேண்டும். வெப்பம், அதிர்வு, காந்தப்புலம் எதுவும் தொடக் கூடாது. ஆனால் நாம் இட்ட கட்டளையை அது கேட்க வேண்டும், பக்கத்து க்யூபிட்டோடு பின்னிக்கொள்ள வேண்டும், கடைசியில் விடையும் சொல்ல வேண்டும். கட்டளை போகும் கேபிள் வழியாகவே வெப்பமும் இரைச்சலும் உள்ளே வருகின்றன. கேபிளை மெல்லியதாக்கி, வழியில் சிக்னலைத் தணிக்கும் சாதனங்களைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் குளிர வைத்து அனுப்புகிறார்கள். அவ்வளவு பெரிய குளிர்விப்பானுக்கு அடித்தட்டில் வெப்பத்தை வெளியேற்றும் திறன் சில பத்து மைக்ரோவாட்தான். 2023 கடைசியில் ஐபிஎம் காட்டிய 1,121 க்யூபிட் கான்டர் சிப்புக்கு ஒரே குளிர்விப்பானுக்குள் ஒரு மைலுக்கு மேல் கேபிள் போனது. பத்து லட்சம் க்யூபிட்டுக்கு இதே பாணியில் ஒயர் இழுக்க முடியாது என்பதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை.

பொருளும் தகராறு செய்கிறது. அந்த ஆக்சைடு ஏடு படிகமாக ஒழுங்காக அமைவதில்லை. அதில் அங்கங்கே உள்ள கோளாறுகள் க்யூபிட்டின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரே சிப்பில் செய்த இரண்டு க்யூபிட்டுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருதி சேர்க்க வேண்டும், அது நாளாக நாளாக நகரவும் செய்யும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று சிப்பில் விழுந்தால் ஒரே நேரத்தில் பல க்யூபிட்டுகள் கெட்டுப்போகும். கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கமும் தொந்தரவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டைப் பாறை மலையாக இருக்கும் நம் ஊரில் லேப் வைக்கிறவர்கள் ஈயத் தகட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவு பாடுபட்டும் நல்ல மீக்கடத்திச் சிப்பில் டி1 சுமார் 100 மைக்ரோவிநாடி, கொஞ்சம் முன்பின். க்யூபிட்டின் மேல் செய்யும் ஒரு செயலுக்குச் சில பத்து நானோவிநாடி ஆகும். ஆக, சில ஆயிரம் செயல்களுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்குள்ளும் இரண்டு க்யூபிட்டுகளைப் பின்னும் ஒவ்வொரு செயலிலும் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்று பிழை நேர்கிறது. 617 இலக்க எண்ணைப் பிரிக்கத் தேவைப்படும் செயல்களோ நூற்றுக்கணக்கான கோடி.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மின்னேற்றம் பெற்ற அணுக்களை வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து நிறுத்தி லேசரால் இயக்கலாம். இயற்கை செய்த அணுக்கள் என்பதால் எல்லாம் அச்சு அசல் ஒன்று, தாளமும் விநாடிக் கணக்கில் நிற்கும். ஆனால் ஒவ்வொரு செயலும் மீக்கடத்தியைவிட நூறு, ஆயிரம் மடங்கு மெதுவு. மின்னேற்றமில்லாத ருபிடியம் போன்ற அணுக்களை லேசர் ஒளியாலேயே இடுக்கிப் பிடித்து ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்துகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்ட இப்போதைக்கு நம்பிக்கை தரும் வழி அது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளித்துகள் வழியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் அறிவித்த மயோரானா சிப் பற்றி இயற்பியலாளர்களுக்குள்ளேயே சண்டை, ஆகவே அதை ஒதுக்கி வைக்கலாம்.

எந்த வழியானாலும் பிழை வரும், ஆகவே பிழைதிருத்தம் வேண்டும். சாதாரணக் கணினியில் ஒரு பிட்டை மூன்றாக நகல் எடுத்து வைத்து, ஒன்று மாறினால் மற்ற இரண்டைப் பார்த்துத் திருத்தலாம். க்யூபிட்டை நகல் எடுக்கவே முடியாது, 1982-ல் அதற்குக் கணித நிரூபணமே வந்துவிட்டது. பார்க்கவும் முடியாது, பார்த்தால் கலைந்துவிடும். நகலும் எடுக்காமல், பார்க்கவும் செய்யாமல் பிழையை எப்படித் திருத்துவது? பலர் இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1995-ல் மறுபடி ஷோர்தான் வழி சொன்னார். ஒரு க்யூபிட்டின் தகவலை ஒன்பது க்யூபிட்டுகளின் பின்னலில் பரப்பி வை. எந்த க்யூபிட்டையும் தனியாக அளக்காதே. பக்கத்துப் பக்கத்து க்யூபிட்டுகள் ஒத்துப்போகின்றனவா இல்லையா என்பதை மட்டும் அளந்து பார். தகவல் வெளியே வராது, பிழை எங்கே என்பது மட்டும் வரும்.

இந்த யோசனையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. க்யூபிட் ஒவ்வொன்றும் ஓரளவுக்கு மேல் நல்லதாக இருந்தால்தான், கூடுதலாகச் சேர்க்கச் சேர்க்கப் பிழை குறையும். இல்லாவிட்டால் சேர்க்கச் சேர்க்கப் பிழைதான் கூடும். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 க்யூபிட் வில்லோ சிப்பின் முக்கியத்துவம் இங்கேதான். பிழைதிருத்தும் க்யூபிட் வலையை ஒரு படி பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் பிழை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதே அறிவிப்பில் சூப்பர் கம்ப்யூட்டருக்குக் கற்பனைக்கெட்டாத வருஷங்கள் ஆகும் என்று ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார்கள், செய்திகளில் அதுதான் ஓடியது. அந்தச் சோதனைக்கு நடைமுறைப் பயன் எதுவும் கிடையாது. இதையும் மறக்கக் கூடாது: அந்த 105-இல் பெரும்பகுதி சேர்ந்து காப்பாற்றியது ஒரே ஒரு க்யூபிட் தகவலை. அதுவும் சும்மா வைத்திருந்ததுதான், கணக்கு எதுவும் போடவில்லை.

"அப்போ நம்ம பேங்க் அக்கவுண்ட் எல்லாம் போயிடுமா சார்?" என்பது டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட கேள்வி. இன்றைக்குப் போகாது. 617 இலக்கப் பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2025-ல் அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரே 10 லட்சத்துக்குக் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்குக் குறைவான நேரம் என்று இறக்கினார். இயந்திரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே தேவை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே அலட்சியமாகவும் இருக்க முடியாது. இன்று திருடி வைத்த ரகசியத்தைப் பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது. நம் போனில் உள்ள பிரவுசர்கள் சில அந்த வகைப் பூட்டுக்கு ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டன. அதற்குக் குவாண்டம் கணினி எதுவும் தேவையில்லை, சாதாரண சாஃப்ட்வேர் வேலைதான்.

உண்மையான பயன் வேதியியலில் முதலில் வரும் என்பது என் எண்ணம். 1981-ல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் குவாண்டம் கணினி என்ற யோசனையைப் பேசியபோதே அதைத்தான் சொன்னார்: இயற்கையே குவாண்டம் விதிப்படி நடக்கிறது, அதைப் போலச் செய்து பார்க்கவும் அந்த விதிப்படி நடக்கும் இயந்திரம் வேண்டும். மருந்து மூலக்கூறு, உரத் தயாரிப்புக்கான வினையூக்கி, பேட்டரிப் பொருள் இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இந்தியா 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எட்டு வருஷத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை என்பது இலக்கு. கணினிப் பகுதிக்குப் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., தகவல்தொடர்புப் பகுதிக்குச் சென்னை ஐ.ஐ.டி. தலைமை. 2024-ல் மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரில் 6 க்யூபிட் இயந்திரம் சோதிக்கப்பட்டது, 2025-ல் பெங்களூரு நிறுவனம் ஒன்று 25 க்யூபிட் இயந்திரத்தை அறிவித்தது.

காட்பாடிப் பக்கம் கல்லூரி நோட்டீஸ் போர்டுகளில் குவாண்டம் கோர்ஸ் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஆறு வாரத்தில் குவாண்டம் இன்ஜினியர் ஆக்குகிறேன் என்கிறவரிடம் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்கள் அணிகளும் கலப்பெண்களும். க்யூபிட்டின் மொழி முழுக்க அந்த இரண்டில் இருக்கிறது. அவை இல்லாத பாடத்திட்டம் என்றால் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். குவாண்டம் கணினிக்கு நிரல் எழுத உதவும் ஐபிஎம்மின் கிஸ்கிட் மென்பொருள் இலவசம், உண்மையான இயந்திரத்திலும் மாதம் கொஞ்ச நேரம் இலவசமாக ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். வேலை என்று பார்த்தால், நுண்ணலை எலெக்ட்ரானிக்ஸ், வெற்றிடக் கருவிகள், தாழ்வெப்பப் பொறியியல், லேசர் இவை தெரிந்தவர்களும் இந்த லேப்களுக்கு வேண்டும். மெக்கானிக்கல் படித்தவர், நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிக்கொள்ளத் தேவையில்லை, அந்தக் குளிர்விப்பானைச் செய்து பராமரிக்க ஆள் வேண்டும்.